வாவு நாள் கூலி

“எல்லாருக்காகவும் ராஜாகிட்ட போய் நிக்கிறீங்க. உங்களுக்குன்னு ஒரு நாளாவது எதையாவது கேட்டிருக்கீங்களா?”

“கேட்டா இல்லைன்னு வந்துடுமோன்னு பயம்தான்.”

“யாரு இல்லைன்னு சொல்லுவா? ராஜாவா?”

அதற்கு வெண்காடன் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தாழங்குடையை உமையாள் பக்கமாகச் சற்றுச் சாய்த்தான். அவன் தோளில் வெயில் விழுந்தது. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. எதிரே இருந்த வீட்டின் படலைத் தட்டி, முத்தி ஏன் பத்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

அந்தப் பேச்சு நடந்து ஒரு வருடம் ஆகியும் வெண்காடனுக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

இது முன்னொரு காலத்து நாட்டில் நடந்தது. அந்நாட்டின் பெயர் சொல்பவர்களுக்கே மறந்துவிட்டது. அதனால் நாமும் அதைத் தேட வேண்டாம். அந்த நாட்டு மகாராஜாவின் சபையில் வெண்காடன் விகடன். அரசர் முகம் சுளித்தால் அதைச் சிரிப்பாக மாற்றுவது அவன் வேலை. வீட்டுக்குப் போனால் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை. தனிக்கட்டை.

உமையாள் அரண்மனை மதிலை ஒட்டிய பாடசாலையின் ஆசிரியை. வேறு இரண்டு ஆசிரியர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களைப் பிள்ளைகள் வாத்தியார் என்றுதான் அழைப்பார்கள். இவளை மட்டும் வாத்தியாரம்மா என்பார்கள். தாயும் தந்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான்கு நாள் பயணத் தொலைவிலிருந்த ஊரில் ஓர் அண்ணன் இருந்தான். அவன் வரன் பார்த்துச் சொல்லி அனுப்பும்போதெல்லாம், இந்தப் பிள்ளைகள் எழுத்து நெடுங்கணக்கை முடிக்கட்டும் என்று தட்டிக் கழித்துவிடுவாள். அவர்கள் முடித்தால் அடுத்த கூட்டம் வந்துவிடும்.

அந்நாட்டில் அமாவாசை, பௌர்ணமி, அவற்றுக்கு அடுத்த பிரதமை, பிறகு அட்டமி ஆகிய நாட்களில் பாடம் நடத்த மாட்டார்கள். அந்த விடுமுறைக்கு வாவு என்று பெயர். வாவு நாளில் பிள்ளைகளுக்கு ஓய்வு, உமையாளுக்கு இல்லை. விடியற்காலையில் அடுத்த பாடத்துக்கான பனையோலைகளை வேகவைத்து உலர்த்துவாள். கோவையிலைச் சாற்றில் கரியைக் குழைத்து, எழுத்துத் தெரியும்படி பழைய ஏடுகளுக்குப் பூசுவாள். விரல்களெல்லாம் கறுத்துப்போகும். அந்தக் கையோடு, வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போவாள். ஆடு மேய்க்க அனுப்பிவிட்டோம் என்பார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். அங்கேயே உட்கார்ந்து பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் எழுவாள்.

வாவு நாளில் மகாராஜா வெளியே போய்விடுவதால் சபையும் கூடாது. வெயில் அதிகமாக இருக்கிறதே என்று ஒருநாள் குடை பிடிக்கப் போனவன் வெண்காடன். அடுத்த வாவில் மழை. அதற்கடுத்த வாவில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் குடையோடு போய் நின்றான். உமையாள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவள்போல நடந்தாள். இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

இதற்கிடையே மகாராஜாவுக்குக் கணுக்கால் பிசகியது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

மகாராஜாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் அவர் உண்ண உட்காரும்போது மதிலுக்கு அப்பாலிருந்து நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் ஒப்பிக்கும் ஓசை கேட்க வேண்டும். அது கேட்டால்தான் இட்லி தொண்டையில் இறங்கும். வாவு நாட்களில் அவர் கோயிலிலோ வேட்டையிலோ இருப்பார். ஓசை இல்லாதது அவருக்குத் தெரிந்ததில்லை. அந்த அமாவாசையன்று பிசகிய காலை நீட்டிக்கொண்டு அரண்மனையிலேயே உட்கார்ந்திருந்தார்; சபையாரையும் வரவழைத்திருந்தார். மதிலுக்கு அப்பால் காக்கை கரைவது மட்டும் கேட்டது. பாடசாலைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

பதில் சொல்லக் காத்திருந்தவர்போல முன்னால் வந்தார் பேரருளாளர். கருவூலத்துக்கும் நெற்களஞ்சியத்துக்கும் அவர்தான் அதிகாரி. பாடசாலை ஆசிரியர்களுக்கு ஆளுக்கு வருடம் இருபத்துநான்கு கலம் நெல்லும் இரண்டு துணியும் கொடுக்க வேண்டும் என்று, முன்பு ஒரு விகடத்துக்குப் பரிசாக வெண்காடன் கேட்டு வாங்கியிருந்தான். அந்த நெல் தன் களஞ்சியத்திலிருந்து போனதைப் பேரருளாளர் ஒருநாளும் மறந்ததில்லை. அவன் வாவு நாளில் யாருக்குக் குடை பிடிக்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் அங்கேயே விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மாதத்துக்கு ஆறு வாவு. அறுவடைக்கு ஒரு மாதம். பெருமழைக்கு அரை மாதம். பிறகு திருவிழாக்கள். ஆடி அமாவாசையை வாவிலும் சேர்த்தார், திருவிழாவிலும் சேர்த்தார். சித்திரா பௌர்ணமியையும் தைப்பூசத்தையும் அப்படியே செய்தார். கடைசியில், ஆசிரியர்கள் வருடத்தில் பாதி நாள் வேலை செய்துவிட்டு முழு வருடத்துக்கும் நெல் வாங்குகிறார்கள் என்று முடித்தார்.

“கூலியாள் வராத நாளுக்கு எந்தக் குடியானவனும் கூலி கொடுப்பதில்லை, மகாராஜா. இந்த அரண்மனை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.”

ஒரே நாள் இரண்டு முறை எண்ணப்பட்டதை வெண்காடன் கவனித்துவிட்டான். ஆனால் முதலில் ஒரு வேடிக்கை சொல்லிவிட்டு அதைச் சொல்லலாம் என்று நினைத்தான். அதுதான் தப்பாகப் போயிற்று. போர் இல்லாத நாளில் சேனையும்தான் சோறு சாப்பிடுகிறது என்றான். வேறொரு நாளாக இருந்தால் மகாராஜா சிரித்திருப்பார். அன்று கணுக்கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. சிரிக்கவில்லை. சபையில் அவன் சொன்னதற்கு யாருமே சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

ஆசிரியர்கள் வாவு நாளிலும் உழைக்கிறார்கள் என்று அவசரமாகச் சொன்னான். அது இன்னும் கெடுதலாகப் போயிற்று. மகாராஜாவின் தன்மானத்தில் போய்த் தைத்தது.

“அப்படியானால் அதையும் நிறுத்துங்கள்,” என்றார் அவர். “இனி பாடம் நடக்கும் நாளுக்கு மட்டும் கூலி. கூலி கொடுக்காத நாளில் ஆசிரியர்களின் உழைப்பில் ஒரு துளியைக்கூட இந்த அரண்மனை அனுபவிக்கக் கூடாது. யாரிடமும் எதையும் சும்மா வாங்கும் வழக்கம் என் குலத்தில் இல்லை. வருகிற பௌர்ணமியிலிருந்து இது நடப்புக்கு வரட்டும்.”

அந்த ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை வெண்காடனிடமே கொடுக்கலாம் என்று பேரருளாளர் பணிவோடு யோசனை சொன்னார். பாடசாலை மேல் விகடருக்குத்தான் அக்கறை அதிகம் என்றார். ஆணையில் இம்மியளவு தவறினாலும் அன்று பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று நிபந்தனையும் சேர்த்தார். மகாராஜா காலைத் தேய்த்துக்கொண்டே சரி என்றார்.

வெண்காடனுக்குப் பொறி புரிந்தது. உமையாள் வாவு நாளில் வீடு வீடாகப் போவாள். பேரருளாளரின் ஆட்கள் தெருவுக்குத் தெரு நின்று பார்ப்பார்கள். அவளைத் தடுக்காவிட்டால் அவன் நாட்டை விட்டுப் போக வேண்டும். தடுத்தால் அவள் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

அன்று மாலையே பாடசாலைக்குப் போனான். உமையாள் ஏடுகளைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான்; கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். இருபத்துநான்கு கலமே ஆடி மாதம் வரைதான் வரும், அப்புறம் கடன்தான் என்றாள். மற்ற இருவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஒருவர் கணக்கெழுதும் வேலைக்குக் கேட்டு வைத்துவிட்டாராம்.

“நெல்லுகூட போகட்டும்,” என்றாள். “வாவுல போய்க் கூப்பிடலைன்னா பாதிப் பிள்ளைங்க வராது. அப்புறம் நான் யாருக்குப் பாடம் சொல்றது? அண்ணன் கூப்பிட்டுட்டே இருக்கு. போயிடலாம்னு பாக்கறேன். பௌர்ணமிக்கு முதல் நாள் வரைக்கும் பாடம் முடிச்சுட்டு, பௌர்ணமியன்னிக்கு வண்டி ஏறிடுவேன்.”

அவள் கையைக் கழுவினாள். கரி போகவில்லை.

“ஆறு வருஷமா குடை பிடிச்சீங்க. அதை நான் மறக்க மாட்டேன்.”

வெண்காடனுக்கு நெஞ்சுக்குள் ஒரு வாக்கியம் ஆறு வருடமாகத் தயாராக இருந்தது. அதைச் சொல்லாமல், உங்கள் வண்டி எந்தப் பக்கமாகப் போகும் என்று கேட்டான். வடக்கு வாசல் வழியாக என்றாள் அவள். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து தன்னைத் தானே திட்டிக்கொண்டதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

பௌர்ணமிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அரசர் சொன்ன ஆணையை நடக்கும்போதும் படுக்கும்போதும் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். உழைப்பில் ஒரு துளியைக்கூட அரண்மனை அனுபவிக்கக் கூடாது. பன்னிரண்டாம் நாள் காலை, குளத்தில் முங்கி எழும்போது அந்த வார்த்தைகள் அவனுக்கு வேறு விதமாகத் தெரிந்தன. ஈரத் துணியோடு அரண்மனைத் தோட்டத்துக்குப் போனான். அங்கே விளையாடிக்கொண்டிருந்த இளவரசி பூங்கோதையிடம் ஒரு ரகசியம் சொன்னான்.

பூங்கோதைக்கு ஏழு வயது. வாயாடி. ரகசியத்தை மூன்று நாள் அவள் காப்பாற்ற வேண்டும். இந்த நினைப்பிலேயே அவனுக்கு மீதி மூன்று நாளும் தூக்கம் போயிற்று.

பௌர்ணமி விடிந்தது. சூரியன் தலைகாட்டும்போதே வெண்காடன் அரண்மனை வாசலில் நின்றான். கையில் கோல், இடுப்பில் கட்டிய துண்டு. உமையாள் வீட்டு வாசலில் அண்ணன் அனுப்பிய வண்டி நிற்பதை வரும் வழியில் பார்த்திருந்தான். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் புறப்படுவார்களாம்.

முதலில் வந்தவர் பஞ்சாங்கம் படிப்பவர். ஆணை தொடங்கும் நாள் என்பதால் வாவாக இருந்தும் அன்று சபை கூட இருந்தது; சபை கூடும் முன் அவர்தான் நல்ல நேரம் சொல்ல வேண்டும். அவர் எங்கே படிக்கக் கற்றுக்கொண்டார் என்று வெண்காடன் கேட்டான். இதே பாடசாலையில்தான் என்றார் பெருமையாக. அப்படியானால் இன்று படிக்கக் கூடாது என்றான். நல்ல நேரம் தெரியாததால் அமைச்சர்கள் யாரும் உள்ளே காலெடுத்து வைக்கத் துணியவில்லை. ஒருவர் பின்னால் ஒருவராக வாசலிலேயே நின்றார்கள்.

அடுத்து களஞ்சியம். அன்று குத்தகை நெல் வந்து இறங்கும் நாள். அளப்பவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்று சொல்லித் தொடங்குவார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று.

“லாபம்ங்கறது உங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டது. அதைச் சொல்லலாம்,” என்றான் வெண்காடன் அளப்பவனிடம். “ரெண்டு, மூணெல்லாம் பள்ளிக்கூடத்துல வந்தது. அது இன்னிக்குக் கிடையாது.”

அளப்பவன் பெரிய மீசைக்காரன், அரச ஆணைக்குப் பயந்தவன். ஒரு மரக்கால் அளந்து லாபம் என்றான். அடுத்ததையும் லாபம் என்றான். அதற்கடுத்ததும் லாபம். நெல் மலையாகக் குவிந்தது. லாபம் லாபம் என்ற குரல் அரண்மனை முழுவதும் கேட்டது. எத்தனை கலம் வந்தது, எத்தனை உள்ளே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பேரருளாளர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். தானே எண்ணப் போனார்.

“தாங்கள் எங்கே படித்தீர்கள், பேரருளாளரே?” என்று வெண்காடன் வணக்கத்தோடு கேட்டான்.

அவரும் அதே பாடசாலைதான். முகம் சிவக்க மகாராஜாவிடம் போனார்.

மகாராஜாவுக்குக் கால் தேறியிருந்தது. உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆனாலும் அவர் அதை அடக்கிக்கொண்டு, இது வெறும் குறும்பு, இதற்காக ஆணையை மாற்ற முடியாது என்றார். நெல்லை நாளைக்கு எண்ணிக்கொள்ளலாம், நல்ல நேரம் பார்க்காமல் ஒருநாள் இருந்தால் நாடு கெட்டுவிடாது என்றும் சொன்னார். பேரருளாளர் வெண்காடனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் நிம்மதி இருந்தது.

வெண்காடன் சாளரத்தின் வழியாக வெளியே பார்த்தான். கொடிமரத்தின் நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்தது. உச்சி வேளை. இனி நிழல் நீள வேண்டியதுதான். குழந்தை மட்டும் வாய் திறந்துவிட்டால் எல்லாம் போயிற்று. அவள் இதுவரை தாக்குப்பிடித்திருப்பாளா?

மதிய உணவுக்கு மகாராஜா பந்தியில் உட்கார்ந்தார். தினமும் பூங்கோதை அவர் பக்கத்தில் மணை போட்டு உட்காருவாள். காலையில் அணில் என்ன செய்தது, தாதி ஏன் திட்டினாள், மயிலுக்கு ஏன் பல் இல்லை என்று ஓயாமல் பேசுவாள். பாதிப் பேச்சில் அவள் வாயில் சோற்றை ஊட்டிவிடுவார். அன்றும் வந்து உட்கார்ந்தாள். பேசவில்லை.

அணில் வந்ததா என்று அவர் கேட்டார். தலையை ஆட்டினாள். தாதி திட்டினாளா என்று கேட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு இலையைப் பார்த்தாள். மகாராஜாவின் கையிலிருந்த கவளம் இலையிலேயே விழுந்தது.

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. பூங்கோதை ஐந்து வயது வரை பேசாத குழந்தை. வைத்தியர்கள் வந்தார்கள், மந்திரித்தார்கள், கோயில் கோயிலாகப் போய் மணி கட்டினார்கள். ஒரு சொல்கூட வரவில்லை. அந்த நாட்களில் மகாராஜா உறங்கியதில்லை என்பது சபைக்கே தெரியும். இப்போது அதே மௌனம் மறுபடியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

“கோதை,” என்றார். “அப்பான்னு ஒரு தடவை சொல்லும்மா.”

குழந்தையின் கண்ணில் நீர் தளும்பியது. வெண்காடனைப் பார்த்தாள். வெண்காடன் முன்னால் வந்து மண்டியிட்டான். அடுத்துச் சொல்லப்போவதற்கு அரசர் அவன் தலையைக்கூட வாங்கலாம்.

“இளவரசிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மகாராஜா. அவர் தங்கள் ஆணையைக் காக்கிறார்.”

மகாராஜா அவனை நிமிர்ந்து பார்த்தார். வெண்காடன் மெதுவாகச் சொன்னான். பாடம் நடக்கும் நாளில் உமையாளுக்கு நாற்பது பிள்ளைகள். ஒரு குழந்தையோடு தனியாக உட்கார நேரமில்லை. அதனால் அவள் வாவு நாளில்தான் அந்தப்புரத்துக்கு வந்தாள். இளவரசியின் கையைத் தன் தொண்டையில் வைத்து அதிர்வைக் காட்டினாள். பாட்டாகப் பாடினாள். வாயசைவைக் கண்ணாடியில் காட்டினாள். ஏழெட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் அவளை வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

“இளவரசி முதன்முதலாக ‘அப்பா’ என்றது ஓர் அட்டமியில். அன்று ஊருக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் வழங்கச் சொன்னீர்கள். பேரருளாளரின் கணக்குப்படி அது வேலை நடக்காத நாள். அந்த ஒரு சொல்லுக்கு இந்த அரண்மனை கூலி கொடுக்கவில்லை, மகாராஜா. சும்மா வாங்கியது.”

மகாராஜா வெகுநேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எங்கோ, இன்னும் நிறுத்தச் சொல்லாததால், லாபம் என்று ஒரு களைத்த குரல் கேட்டது.

“இவள் பேச நான் என்ன செய்ய வேண்டும்?” என்றார் மகாராஜா கடைசியில்.

“அந்த நாளுக்குக் கூலி கொடுத்தால் போதும்.”

“எல்லா நாளுக்கும் கொடுத்தேன். ஆணை நீங்கியது.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பூங்கோதை அவர் மடியில் தாவி ஏறிவிட்டாள்.

“அப்பா, காலையிலேர்ந்து எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? அந்தப் பெரிய மீசைக்காரர் லாபம் லாபம்னு சொல்லிட்டே இருந்தாரா, எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா சிரிக்கறதும் வாத்தியாரம்மா சொல்லிக் குடுத்ததான்னு தெரியலை. காடன் மாமா அதைச் சொல்லவே இல்லை. அதனால அதையும் அடக்கிக்கிட்டேன். வயிறு வலிக்குது.”

மகாராஜா சிரித்தார். முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல. பிறகு பந்தியே அதிரும்படி. வாசலில் காலெடுத்து வைக்கத் துணியாமல் நின்ற அமைச்சர்களும், என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். ஆடி அமாவாசை இரண்டு முறை எண்ணப்பட்ட செய்தியை வெண்காடன் இப்போது சொன்னான். இந்த வருடம் ஆசிரியர்களின் நெல்லைப் பேரருளாளரே தம் கையால் அளந்து, அவர்கள் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்றார் மகாராஜா. ஒவ்வொரு மரக்காலையும் சத்தமாக எண்ண வேண்டும் என்றும் சொன்னார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்தவன் மட்டும் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொடிமரத்தின் நிழல் மதிலைத் தொடப்போனது.

“வாத்தியாரம்மா வடக்கு வாசல் வழியா ஊருக்குப் போறாங்கப்பா,” என்றாள் பூங்கோதை. “மாமா சொன்னாங்க. சொல்லும்போது அழுதாங்க. குளத்துத் தண்ணின்னாங்க.”

மகாராஜா வெண்காடனைப் பார்த்தார். வடக்கு வாசலுக்குக் குதிரைவீரன் ஒருவனை ஓடவிட்டார்.

அதற்குப் பிறகு சென்ற நேரத்தை வெண்காடன் எப்படிக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது. குளம்பொலி தேய்ந்தது. வண்டி முன்பே புறப்பட்டிருக்கலாம். அவள் வர மறுத்திருக்கலாம். திரும்பும் குளம்பொலி கேட்டபோது, பின்னால் வண்டிச் சக்கரத்தின் ஓசையும் சேர்ந்து கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டான். கேட்டது.

பந்தி முடிந்து எல்லாரும் சபையில் கூடியிருந்தபோது உமையாள் உள்ளே வந்தாள். பயணத்துக்குக் கட்டிய சேலை. கையில் ஒரு சிறு மூட்டை. விரல்களில் கரி அப்படியே இருந்தது. கடைசி ஏட்டுக்கும் பூசிவிட்டுத்தான் புறப்பட்டிருக்கிறாள். பூங்கோதை ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மகாராஜா இருக்கையிலிருந்து எழுந்து நின்று, தான் செய்தது தவறு என்றார். ஆசிரியர்களின் கூலியை வருடம் முழுவதற்கும் கொடுப்பதாகவும், இனி எந்த அரசனும் குறைக்க முடியாதபடி அதைப் பாடசாலைச் சுவரில் கல்லில் வெட்டி வைப்பதாகவும் வாக்களித்தார். உமையாள் கும்பிட்டு நன்றி சொன்னாள். மற்ற இருவருக்கும் பிள்ளைகளுக்கும் இதுவே போதும் என்றாள். ஆனால் தான் அண்ணனுக்கு வார்த்தை கொடுத்துவிட்டதாகவும், நான்கு நாள் வழியைக் கடந்து வண்டி வந்துவிட்டதாகவும் தயக்கத்தோடு சொன்னாள்.

“வேற காரணம் ஒண்ணு இருந்தா அண்ணன்கிட்ட சொல்லலாம், மகாராஜா. கூலி கூடுச்சுன்னு திரும்பி வந்தேன்னா அது என்னை என்ன நினைக்கும்?”

சொல்லும்போது அவள் மகாராஜாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

மகாராஜா வெண்காடன் பக்கம் திரும்பினார். என் மகளின் குரல் எப்படி வந்தது என்பதை இன்று நீ எனக்குக் காட்டினாய், என்ன வேண்டுமோ கேள் என்றார். பொன்னா, நிலமா, பல்லக்கா, எதுவாக இருந்தாலும் தருவதாகச் சொன்னார்.

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன், சபை நடுவில் ஊமைபோல நின்றான். கை பழக்கத்தில் குடையைத் தேடியது, குடை இல்லை.

“ஆணைதான் நீங்கிவிட்டதே, விகடரே,” என்றார் பேரருளாளர், அந்த நிலையிலும் விடாமல். “இன்னும் யாருக்காக இந்த மௌனம்?”

சபை சிரித்தது. உமையாள் நிமிர்ந்தாள். ஒரு வருடத்துக்கு முன் முத்தியின் வீட்டு வாசலில் அவன் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அப்படியே அவள் கண்ணில் இருந்தது. யார் இல்லையென்று சொல்வார்கள்?

“எனக்கு வேண்டியது தங்கள் கருவூலத்தில் இல்லை, மகாராஜா,” என்றான் வெண்காடன்.

“யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் கேள்.”

அவன் அரசருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பதையும் மறந்து திரும்பினான். நான்கு எட்டு நடந்து அவள் எதிரே போய் நின்றான். சபையில் சிரிப்பு அடங்கியது. அவள் மூட்டையைக் கீழே வைத்தாள்.

“வாவு நாளு மட்டும் உங்ககூட நடந்தது எனக்குப் போதலை, உமையா,” என்றான். “மத்த நாளும் நடக்கணும். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”